ஆயாவின் பச்சையும் என் ஜெய்பீமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். எங்கள் காலனியில் நடக்கும் படிப்பு மையத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்பு முடித்த தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மெதுவாக வலது கைச் சட்டையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பெரிய நீல எழுத்துகளில் 'ஜெய்பீம்'.

"அக்கா, இத அழிக்க எங்க போகணும்? எவ்ளோ ஆகும்?"

இரண்டு வருடத்துக்கு முன்பு ஏப்ரல் 14 அன்று நண்பர்கள் நான்கு பேராகப் போய் ஒரே மாதிரி குத்திக்கொண்டு வந்தவர்கள் இவர்கள். அன்றைக்கு இதே கையை உயர்த்தித்தான் ஊர்வலத்தில் முழக்கம் போட்டார். இப்போது மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான காவலர் தேர்வுக்குப் படிக்கிறார். காலையில் ஓட்டம், மாலையில் கணக்கு. ஓட்டப் பயிற்சி கொடுப்பவர் கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையோட மெடிக்கல்ல நிக்காத, வெளிய அனுப்பிடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

விதியை எடுத்துப் படித்தேன். பயிற்சியாளர் சொன்னது சரிதான். முன்கையின் உட்புறத்தில் பச்சை இருக்கலாம், ஆனால் இடது கையில் மட்டும். வலது கை சல்யூட் அடிக்கும் கை என்பதால் அதில் கூடாது. புறங்கையில் இருக்கலாம். அந்த உறுப்பின் அளவில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். மதச் சின்னம், உருவம், பெயர் இவற்றுக்கு அனுமதி உண்டு.

"ஏன் தம்பி வலது கையில போட்ட?" என்று கேட்டேன்.

"எழுதுற கையாச்சேக்கா."

அவரை நாளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், என் இரண்டு கைகளிலும் பச்சை இருக்கிறது. பச்சையைப் பற்றி நிறைய பேருக்கு நிறைய அபிப்பிராயம் இருக்கிறது. என் அபிப்பிராயத்தையும் ஒரு முறை முழுசாக எழுதிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஆயாவின் கை.

என் ஆயாவுக்கு வலது முன்கையில் புள்ளிக்கோலம் போல ஒரு பச்சை இருந்தது. ஒன்பது புள்ளி, அதைச் சுற்றி வளைந்து போகும் கோடு. புறங்கையில் ஒரு தேள். நெற்றியில் பொட்டு மாதிரி ஒரு புள்ளி. ஆயாவுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, அறுவடை முடிந்த நாளில் பச்சை குத்தும் குறவர் சமூகப் பெண் ஒருவர் சேரிக்கு வந்தாராம். இரண்டு படி நெல்லும் ஒரு பழம்புடவையும் கூலி. விளக்குக் கரியை அகத்திக்கீரைச் சாற்றில் குழைத்து, ஊசியால் குத்திக் குத்தி ஏற்றுவார்கள். சில இடங்களில் தாய்ப்பாலும் சேர்ப்பதுண்டு. முடிந்ததும் மேலே மஞ்சள். பிள்ளை அழாமல் இருக்க அந்தப் பெண் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார். "பாட்ட கேட்டா வலி தெரியாதுன்னாங்க. தெரிஞ்சுது" என்பார் ஆயா. கறுப்பு மையைத்தான் ஏற்றுகிறார்கள். தோலுக்கு அடியில் போனதும் அது பச்சையாகத் தெரிகிறது. பெயர் அப்படி வந்ததுதான்.

ஏன் குத்திக்கொண்டாய் என்று கேட்டால் ஆயா ஒரே பதில் சொல்வார். "செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கழட்டிக்குவாங்க."

சின்ன வயதில் இதை ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்தேன். எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போதுதான் அந்தக் 'கழட்டிக்குவாங்க' உறைத்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. எங்கள் விழுப்புரம் பக்கம் இப்படி எண் போட்டு யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையிருக்கவில்லை. "கூலிக்கு வர்றவளுக்கு எதுக்குடி கம்மலு?" என்று ஆண்டை வீட்டம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும், மறுநாள் காதில் ஈர்க்குச்சிதான்.

பச்சை நம் ஜனங்கள் மட்டும் குத்திக்கொண்டதல்ல. ஊர்த்தெருப் பாட்டிகள் கையிலும் கோலம் இருந்தது. ஆனால் அவர்களுக்கு அது வளையலோடு சேர்ந்த ஒன்று. ஆயாவுக்கு அதுதான் வளையல். யாராலும் கழற்றச் சொல்ல முடியாத வளையல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நகையைப் போட்டுவிட்ட பெண்ணின் சமூகத்தையே அரசாங்கம் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்தி வைத்திருந்தது. 1871இல் வந்த அந்தச் சட்டம் மெட்ராஸ் மாகாணத்துக்கு விரிந்தபோது குறவர்கள் பல இடங்களில் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கைரேகை கொடுக்க வேண்டும், காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், சொல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. தன் மேல் முத்திரை விழுந்த ஒரு பெண், ஒடுக்கப்பட்ட இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கையில் அவள் ஆசைப்பட்ட கோலத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்குச் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று குளிர்சாதன அறையில் நடக்கும் தொழிலின் முன்னோடி அவர்தான். அவருடைய பேத்திகள் யாரும் அந்த அறைகளில் ஊசி பிடிப்பதை நான் பார்த்ததில்லை.

நடுவில் என் அம்மா. அம்மாவுக்கும் சின்னதில் முன்கையில் ஒரு பூ குத்தியிருந்தார்கள். அம்மா எட்டாவது வரை படித்து அங்கன்வாடி உதவியாளர் ஆனவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முழங்கை தாண்டிய ரவிக்கைதான். பச்சை என்றாலே அவருக்குப் பட்டிக்காடு, கூலிக்காரி, காலனிக்காரி. எனக்கு அதைக் குத்தவே விடவில்லை. அதில் தப்பும் சொல்ல மாட்டேன். மேலே ஏறி வருகிறவர்கள் முதலில் அழிக்கப் பார்ப்பது தங்களைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களைத்தான்.

அம்மாவிடமிருந்து நானும் அதைக் கற்றுக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பில் விடுதியில் இருந்தபோது ஆயா பார்க்க வந்தார், கைநிறைய அவித்த வேர்க்கடலையோடு. அவர் போன பிறகு கூட இருந்த பிள்ளைகள் தேளையும் நெற்றிப் புள்ளியையும் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது, "இனிமே வந்தா கையச் சேலைத் தலைப்பால மூடிக்கிட்டு வா ஆயா" என்று சொன்னேன். ஏன் என்று ஆயா கேட்கவில்லை. அதற்கடுத்த தடவை அப்படியே மூடிக்கொண்டு வந்தார். கடலையை இடது கையால் எடுத்துக் கொடுத்தார்.

2014இல் ஆயா இறந்தார். கம்மலைக் கழற்றினார்கள். பச்சையோடு புதைத்தோம். அடுத்த வருடம் என் வலது முன்கையில் அதே ஒன்பது புள்ளிக் கோலத்தைக் குத்திக்கொண்டேன். போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆயா தங்கச்சியின் கையைப் பார்த்து வரைந்துகொண்டு போனேன். சில மாதம் கழித்து இடது மணிக்கட்டின் உட்புறத்தில் சின்னதாக 'ஜெய்பீம்'.

இரண்டு கையும் ஒரே உடம்புதான். ஆனால் பார்க்கிறவர்கள் இரண்டு ஆளைப் பார்க்கிறார்கள்.

வலது கையைப் பார்த்தால் நகரத்தில் எல்லோருக்கும் பிடிக்கிறது. "டிசைன் சூப்பர், ட்ரைபலா?" என்று கேட்கிறார்கள். கருத்தரங்குகளில் பெரிய படிப்புப் படித்தவர்கள் கையைப் பிடித்துப் பார்த்து, நம் மரபுக் கலை என்கிறார்கள். இதே கோலத்தோடு ஆயா அரசு மருத்துவமனை வரிசையில் நின்றபோது "ஏ கெழவி, தள்ளி நில்லு" என்றுதான் கேட்டிருக்கிறேன். கோலம் மாறவில்லை. அதைச் சுமந்த கையில் பட்டம், ஆங்கிலம், கைக்கடிகாரம் சேர்ந்திருக்கின்றன.

வீடு தேடிய கதையைச் சொல்கிறேன். வேலைக்காக நகரத்தில் வாடகைக்கு வீடு பார்த்தேன். வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரிதான் பேசினார். மோர் கொடுத்தார். வாங்கிய கையைப் பார்த்து, "எங்க பாட்டிக்கும் இப்படியே இருந்துச்சும்மா" என்று உரிமையோடு தொட்டுப் பார்த்தார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. முன்பணம் பேசி, எண்ணைக் குறித்துக்கொள்ள இடது கையால் பையிலிருந்து போனை எடுத்தேன். அந்த அம்மாவின் பார்வை மணிக்கட்டில் ஒரு நொடி நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. மோர் தம்ளரை மட்டும் உள்ளே எடுத்துப் போகாமல் திண்ணையிலேயே விட்டுவிட்டார். ராத்திரி போன் வந்தது. "தப்பா நெனச்சுக்காதம்மா, சொந்தக்காரங்க கேட்டுட்டாங்க." அந்த வீட்டு வாசலில் 'வாடகைக்கு விடப்படும்' அட்டை அடுத்த இரண்டு மாதமும் தொங்கியது. தினமும் பேருந்தில் அதைத் தாண்டித்தான் போனேன்.

இதை அழுவதற்காகச் சொல்லவில்லை. இதைவிடக் கொடிய விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில் அம்பேத்கர் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்ததற்காக ஒரு தலித் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். நாம் நம்மை எப்படிக் காட்டிக்கொள்கிறோம் என்பது இந்த நாட்டில் ஒரு காலத்திலும் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை.

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் 'ஸ்டிக்மா' என்றொரு புத்தகம் எழுதினார். தொடக்கத்திலேயே அந்தக் கிரேக்கச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார். அடிமை, குற்றவாளி, துரோகி என்று ஊருக்குத் தெரிய உடம்பில் வெட்டியும் சுட்டும் வைத்த குறிதான் ஸ்டிக்மா. வகுப்பில் அதைப் படித்தபோது கிரேக்கத்துக்குப் போகவே வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் பேஷ்வாக்கள் ஆட்சியைப் பற்றிச் சொல்கிறார். தீண்டத்தகாதவர் கையிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்டியிருக்க வேண்டும். தெரியாமல் தொட்டு யாரும் தீட்டாகிவிடக் கூடாதல்லவா, அதற்கு அடையாளம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சையாகவே குத்தினார்கள். கோத்னா என்று பெயர். 1849இல்தான் நிறுத்தினார்கள்.

அதெல்லாம் பழங்கதை என்று சொல்ல முடியாது. 1993இல் பஞ்சாபில் காவல்துறை பிடித்துப் போன சான்சி சமூகப் பெண்கள் நான்கு பேரின் நெற்றியில் 'பிக்பாக்கெட்காரி' என்று பொருள்படும் சொல்லைப் பச்சை குத்தி அனுப்பினார்கள். சான்சிகளும் ஒரு காலத்தில் குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்தவர்கள்தான். அந்தச் சட்டம் 1952இல் போய்விட்டது, நாற்பது வருடம் கழித்து நெற்றிக்கு வந்தது. நீதிமன்றத்தில் அந்தப் பெண்கள் முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தப்பட்ட காவல் அதிகாரிகளுக்குத் தண்டனை கிடைத்தபோது வருடம் 2016.

ஆகவே யாராவது என்னிடம் "பச்சை நல்லதா கெட்டதா?" என்று கேட்டால், யார் குத்தியது, யார் சொல்லிக் குத்தியது என்றுதான் திருப்பிக் கேட்பேன். பஞ்சாபில் அந்தப் பெண்களின் நெற்றியில் இறங்கியதும் ஊசிதான், என் மணிக்கட்டில் இறங்கியதும் ஊசிதான். அவர்களை யாரும் கேட்கவில்லை. நான் காசு கொடுத்துக் கேட்டு வாங்கினேன்.

இந்த வேறுபாட்டைத் தங்கள் உடம்பு முழுக்க எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். சத்தீஸ்கரின் ராம்நாமிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோயிலுக்குள் விடமாட்டோம் என்று தடுக்கப்பட்ட ஜனங்கள், 'ராம்' என்ற பெயரை உடம்பெங்கும் பச்சை குத்திக்கொண்டார்கள். நெற்றி, கன்னம், கண்ணிமை, சிலர் நாக்கில்கூட. சிலையோ கோயிலோ அவர்களுக்குத் தேவையில்லாமல் போனது. அம்பேத்கரியராக எனக்கு ராமனோடு உடன்பாடு கிடையாது. ஆனால் உள்ளே விடாத கதவின் முன்னால் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் தன் தோலையே கோயிலாக்கிக்கொண்ட அந்தத் துணிச்சலை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் கதையின் அடுத்த பகுதிதான் நம் தம்பிக்கு வேண்டியது. இன்றைய ராம்நாமிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் உடம்பெல்லாம் குத்திக்கொள்வதில்லை. படிக்கவும் வேலைக்கும் வெளியூர் போக வேண்டும். முகத்தைப் பார்த்ததும் சாதி தெரிந்துவிட்டால் எங்கே போவது? பலர் கையிலோ மார்பிலோ ஒரே ஒரு 'ராம்' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். தாத்தா காலத்துக் கவசம் பேரனுக்கு மறுபடியும் அடையாள அட்டை ஆகிவிட்டது. ஒரு குறியின் பொருளை நாம் மாற்றலாம். ஆனால் பார்க்கிறவர்கள் அதைத் தங்கள் இஷ்டத்துக்குத் திரும்ப மாற்றிக்கொள்வார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் குத்திக்கொள்ள வேண்டும்.

தெற்கே ஒரு கல்லூரியில் மாணவர்களோடு பேசப் போயிருந்தேன். பள்ளிகளில் சாதிக்கயிறு கட்டுவதைப் பற்றிய கூட்டம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளி மாணவர்கள் அணியக் கூடாது என்பதும் பரிந்துரைகளில் ஒன்று. இதைப் பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். கையில் தன் சாதிப் பெயரையும் வாளையும் பச்சை குத்தியிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"மேடம், நீங்க ஜெய்பீம்னு குத்திக்கிட்டா உரிமை. நாங்க எங்க பேரக் குத்திக்கிட்டா வெறியா?"

அரங்கில் கைதட்டல். அன்றைக்கு நான் ஏதோ வரலாறு பேசிச் சமாளித்தேன். நல்ல பதில் இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போதுதான் பதில் கிடைத்தது. வழக்கமாக அப்படித்தானே.

பதில் இதுதான் தம்பி. என் கையில் இருப்பதை நீங்களும் குத்திக்கொள்ளலாம். பிறப்பு தடையில்லை. பிராமணர் குத்திக்கொள்ளலாம், முஸ்லிம் குத்திக்கொள்ளலாம், நீங்கள் குத்திக்கொண்டால் நான் கட்டிப்பிடித்து வரவேற்பேன். உங்கள் கையில் இருப்பதை நான் குத்திக்கொள்ள முடியுமா? குத்திக்கொண்டு உங்கள் தெருவில் நடந்துபோக முடியுமா? யார் வேண்டுமானாலும் ஏற்கலாம் என்று திறந்திருப்பது கொள்கை. இந்த வயிற்றில் பிறந்தவர்களுக்கு மட்டும் என்று பூட்டியிருப்பது சாதி. பேஷ்வா கட்டச் சொன்ன கறுப்புக் கயிறும் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டும் வண்ணக் கயிறும் செய்கிற வேலை ஒன்றுதான். யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்று தூரத்திலிருந்தே சொல்வது.

இந்தக் கேள்வியை அவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் நியாயமில்லை. நம் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போதெல்லாம் நம் தெருக்களிலும் உட்சாதிப் பெயரை, 'ஆண்ட பரம்பரை' பாணியில் கிரீடமும் வாளும் வைத்துக் குத்திக்கொள்கிறார்கள். வசவாகச் சொன்ன பெயரைப் பெருமையாகத் திருப்பிச் சொல்வதில் ஒரு வீம்பு இருக்கிறது. எனக்குப் புரிகிறது. அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை முறை தலைகுனிந்திருப்போம். ஆதிக்கம் செய்கிறவர் குத்துவதும் அடிபட்டவர் குத்துவதும் ஒன்று என்று தராசில் வைக்கவும் மாட்டேன். ஆனாலும் பக்கத்துத் தெரு அருந்ததியர் பிள்ளை அந்தப் பச்சையைப் பார்த்தால் என்ன நினைப்பான்? அவனும் அதைக் குத்திக்கொள்ளலாமா? முடியாது என்றால் நாமும் ஒரு கதவைப் பூட்டுகிறோம் என்றுதான் அர்த்தம்.

இயக்கத்துக்குள்ளேயே வேறொரு எதிர்ப்பு உண்டு. மூத்த தோழர் ஒருவர் என் மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம், "அவரைத் தோலில் ஏற்றாதே, தலையில் ஏற்று" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப், அரசியலில் பக்தி வந்தால் அது சர்வாதிகாரத்தில்தான் போய் முடியும் என்று எச்சரித்தார். முதுகு முழுக்க அவர் முகத்தைக் குத்திக்கொண்டு, அவர் எழுதிய ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல், வீட்டில் மனைவியை அடிக்கிறவரையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தோழர் பையன்களிடம் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பச்சை குத்திய பெண் என்றால் மட்டும் எல்லோருக்கும் ஒரு அறிவுரை தயாராக இருக்கிறது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது, நாளைக்குக் கல்யாணம் வேண்டாமா?" என்று அம்மாவும் கேட்டார். ஆயாவைப் பொம்பளை என்றுதானே குத்தினார்கள், அம்மா?

இப்போது குத்திக்கொள்ள நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு, அக்காவாகச் சில விஷயங்கள்.

பதினெட்டு வயதாகட்டும். கூட்டத்தோடு கூட்டமாகப் போய்க் குத்தாதீர்கள். ஏப்ரல் 14 ஊர்வல உற்சாகத்தில் எடுத்த முடிவு மே மாதமும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். குத்தாதவன் கொள்கைப் பிடிப்பில்லாதவன் என்று யாராவது சொன்னால், அவர்தான் கொள்கையைப் படிக்காதவர்.

ராணுவம், துணை ராணுவம், போலீஸ் என்று யோசனை இருந்தால் அந்தத் தேர்வின் மருத்துவ விதியை முதலில் படியுங்கள். இடம், அளவு, எந்தக் கை எல்லாம் அதில் இருக்கும். லேசரில் அழித்துக்கொள்ளலாம் என்பது பேச்சுக்குச் சுலபம். ஒரே தடவையில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை போக வேண்டும். குத்த ஆனதைவிட அழிக்கப் பல மடங்கு ஆகும். தழும்பும் நிற்கலாம்.

ஊசி உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் பத்துப் பேருக்குக் குத்துவதில் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வரும். குத்திய பிறகு ஒரு வருடம் ரத்ததானம் செய்யக் கூடாது. இது எனக்கே தெரியாது. அடுத்த ஏப்ரல் 14 ரத்ததான முகாமில் முதல் ஆளாகப் படுத்தேன். நர்ஸ் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னார். ஜெய்பீம் போட்டதால் ஜெயந்தி அன்றைக்கு ரத்தம் கொடுக்க முடியாமல் போன ஆள் நான்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பச்சை குத்திய கிழவி யாராவது உயிரோடு இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வயதில், யார் வந்து குத்தினார்கள், என்ன கூலி, ஏன் தேள், ஏன் கோலம். கையைப் படமெடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. மூடிக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தார். ராத்திரி தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"அழிச்சா துரோகமாக்கா?"

அவரிடம் ராம்ஜி சக்பாலைப் பற்றிச் சொன்னேன். பாபாசாகேபின் அப்பா. ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். மகர்கள் தலைமுறை தலைமுறையாகப் படையில் இருந்தார்கள். 1890களின் தொடக்கத்தில் வெள்ளைக்கார அரசு மகர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. மறுபடி சேர்க்கச் சொல்லி மனுப் போட்டுப் போராடினார்கள். மகர் ரெஜிமெண்ட் அமைந்தது 1941இல். அந்தச் சீருடைக்குள் போவதும் ஒரு போராட்டமாகத்தான் இருந்திருக்கிறது. உள்ளே போக வேண்டிய இடத்துக்கு உள்ளே போ. விதி நியாயமா என்று கேட்பது என் வேலை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் வேலை ஓடுவதும் படிப்பதும். ஆயா கையை மூடிக்கொண்டு வந்தது வெட்கப்பட்டு அல்ல, என் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று. நீ அழிப்பதும் அந்த மாதிரிதான். அவமானப்பட்டு அழிக்கிறாயா, வேலைக்காக அழிக்கிறாயா என்பது உனக்குத் தெரிந்தால் போதும்.

தோல் மருத்துவரிடம் கூடவே போனேன். முதல் தடவை முடிந்திருக்கிறது. எழுத்துகள் இன்னும் போகவில்லை, நனைந்த நோட்டில் மை மாதிரி கலங்கி நிற்கின்றன. கை வீங்கியிருந்தது. மஞ்சள் பூசலாமா என்று அவருடைய அம்மா கேட்டார். டாக்டர் கொடுத்த களிம்பு மட்டும் போடுங்கள் என்றேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் தம்பி பேசவே இல்லை. இறங்கும் இடம் வந்ததும் கேட்டார்.

"வேலை கெடச்சதும் இடது கைல சின்னதா போட்டுக்கலாமாக்கா?"

"அளவு எவ்ளோன்னு விதியப் படிச்சுட்டுப் போட்டுக்கோ" என்றேன்.

ஜெய்பீம்.